திறவாமையின் இலக்கணம்: விலையேறிய போர்பன் குறித்து ஓர் ஆய்வேட்டுச் சுருக்கம்

நோக்கமும் எல்லையும்

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் காய்ச்சப்பட்டு, பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் உறங்கி, பின் பாட்டிலில் அடைபட்டு வெளிவரும் போர்பன் விஸ்கியை மாந்தர் ஏன் இவ்வளவு விலை கொடுத்து வாங்குகின்றனர், வாங்கியபின் ஏன் திறப்பதில்லை என்பதே இவ்வாய்வின் பொருள். ஸ்காட்ச் இதில் அடங்காது. ஐரிஷ் அடங்காது. டென்னசி விஸ்கி போர்பனா அல்லவா என்பதில் இரு கட்சிகள் உண்டு. இரண்டுமே கோபக்காரக் கட்சிகள் என்பதால் அதுவும் அடங்காது.

விலை ஏறினால் நாட்டம் குறையும் என்பது பள்ளிப் பாடம். போர்பனில் விலை ஏறுவதே நாட்டத்துக்குக் காரணம் என்பது எம் கருதுகோள். கருதுகோள் சரி என்று முதலில் முடிவுசெய்துகொண்டு, அதன் பிறகே தரவு திரட்டப்பட்டது. நம் ஆய்வுத் துறைகளின் நெடுநாள் வழக்கத்தை மீற எமக்குத் துணிவில்லை.

இயல் 1: கர்த்தாவும் காலமும்

போர்பனைக் கண்டவர் எலைஜா கிரெய்க் என்னும் பாப்டிஸ்ட் போதகர், ஆண்டு 1789 என்பது செவிவழி மரபு. இதற்குச் சான்றில்லை என்று வரலாற்றாசிரியர்கள் கைவிரித்துவிட்டனர். அவர் பெயரில் ஒரு போர்பன் இன்றும் நன்றாக விற்கிறது. ஆக, சான்றில்லாமை விற்பனைக்குத் தடையில்லை என்பது இவ்வியலின் முடிபு.

பெயர்க் காரணத்திலும் பூசல் உண்டு. கெண்டக்கியின் போர்பன் கவுன்ட்டியால் வந்தது என்பார் ஒரு சாரார். நியூ ஆர்லியன்ஸின் போர்பன் தெருவால் வந்தது என்பார் மறு சாரார். இரண்டுக்கும் மூலம் பிரெஞ்சு அரச குலமே என்பதை நடுவில் புகுந்து சொன்னவரை இரு சாராரும் சேர்ந்து ஒதுக்கிவைத்தனர் என்று கொள்ள இடமுண்டு. கெண்டக்கி என்பதே தூய தமிழ்ச் சொல் என நிறுவுவது ஒரு வார வேலை. அதை அடுத்த பன்னாட்டுக் கருத்தரங்குக்கென எடுத்துவைத்திருக்கிறோம்.

இயல் 2: இலக்கணம்

எது போர்பன் என்பதைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை அப்படியே சொன்னால் எல்லாருக்கும் புரிந்துவிடும் ஆதலின் நூற்பாவாக்கித் தருகிறோம்:

பாதியின் மிக்க சோளம் கொண்டு
புதுமரப் பீப்பாய் உட்கரி படுத்தே
அமெரிக்க மண்ணில் ஆக்கிய அதனைப்
போர்பன் என்று புகலவும் படுமே.

இதன் உரை: 'பாதியின் மிக்க' என்றது 51 சதவீதமேனும் இருத்தலை. 'சோளம்' என்றது மக்காச்சோளத்தை. நம்மூர் வெள்ளைச்சோளம் அன்று. 'புதுமர' என்றதனால் ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் விலக்கப்பட்டது. விலக்குண்ட பீப்பாய்களில் பல ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறி அங்கே இரண்டாம் வாழ்க்கை தொடங்கும். 'உட்கரி படுத்து' என்றது ஓக் மரத்தின் உட்புறத்தை நெருப்பில் கருக்குதலை; நிறமும் வெனிலா மணமும் பெரும்பாலும் அங்கிருந்தே வருவன. 'அமெரிக்க மண்ணில்' என்றது 1964ல் அந்நாட்டு காங்கிரஸ் இதைத் தன் நாட்டுக்கே உரிய தனிப்பொருள் எனத் தீர்மானித்தமையை. 'புகலவும்' என்னும் உம்மை எச்ச உம்மை. விலை கேட்டபின் வேறு பெயராலும் புகல்வர் என்பது அதனாற் பெறப்படும்.

பீப்பாய்க்குள் போகும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பாட்டிலில் 40க்குக் குறையக்கூடாது என்பன நூற்பாவில் இல்லை. தளை தட்டியது.

இயல் 3: விலை ஏறிய வரலாறு

1970களிலும் 80களிலும் அமெரிக்க இளைஞர் வோட்காவின் பின்னே போயினர். போர்பன் அப்பன் குடிக்கும் சரக்கு ஆயிற்று. 1935ல் லூயிவில் நகரை ஒட்டித் திறக்கப்பட்ட ஸ்டிட்ஸல்-வெல்லர் ஆலையை வான் விங்கிள் குடும்பம் 1972ல் விற்றது. 1992ல் அங்கே காய்ச்சுவது நின்றது. விற்காத சரக்கு பீப்பாயிலேயே கிடந்தது. கிடந்ததால் வயதேறிற்று. அந்தக் குடும்பத்துப் பெயரன் அப்படி வயதேறிய சரக்கைப் 'பாப்பி வான் விங்கிள்' என்று தாத்தா படம் ஒட்டி விற்கலானார். 1990களில் சிகாகோவில் ஒரு சுவைத் தேர்வுக் கூடம் அதன் 20 வருடச் சரக்குக்கு 100க்கு 99 போட்டது. அந்த ஒரு மதிப்பெண் எங்கே போயிற்று என யாரும் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கவில்லை. சரக்குத்தான் கிடைக்காமல் போயிற்று. ஆக, இன்று கோயில் கட்டிக் கும்பிடப்படுவது, அன்று வாங்க ஆளில்லாமல் தேங்கிய சரக்கு.

இந்தப் பண்டத்தின் சிக்கல் எளியது. இன்று 12 வருடச் சரக்கு வேண்டுமென்றால், 12 வருடம் முன்பே ஒருவர் அதை நினைத்திருக்க வேண்டும். நினைத்துப் பீப்பாயில் ஊற்றினாலும், ஆண்டுதோறும் ஒரு பங்கு காற்றில் கரைந்துவிடும். அதைத் 'தேவதையின் பங்கு' என்பர். அதற்கும் கெண்டக்கியில் வரி போட்டார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் வரி பீப்பாய்க்குத்தான். 23 வருடப் பாப்பிக்கு ஆலை சொல்லும் விலை சில நூறு டாலர். வெளிச் சந்தையில் பல ஆயிரம். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவிலேயே மனித இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. 2013ல் கெண்டக்கியின் பிராங்க்ஃபர்ட் நகரின் பஃபலோ டிரேஸ் ஆலையிலிருந்து 20 வருடப் பாப்பி 65 பெட்டி, 195 பாட்டில் காணாமற் போயிற்று. பின்னர் ஆலையின் ஊழியரே பிடிபட்டார். 2023ல் ஆரிகான் மாநிலத்தில் மதுபான ஆணைய அதிகாரிகளே அரிய பாட்டில்களைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டது வெளிவந்தது. அரசே சரக்கு விற்கும் மாநிலம் என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை.

இதற்கிடையே மீண்டும் சுழல் திரும்புகிறது. கெண்டக்கிக் கிடங்குகளில் உறங்கும் பீப்பாய்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. மாநில மக்கள் தொகை அதில் பாதிகூட இல்லை. ஜிம் பீம் நிறுவனம் தன் கிளெர்மான்ட் ஆலையில் 2026ல் காய்ச்சுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஆகவே இன்று தேங்கும் சரக்கு 2046ல் 20 வருடச் சரக்காகிக் கும்பிடப்படும் என்பது எம் கணிப்பு. அக்கணிப்பைச் சரிபார்க்க நிதியுதவி கோரப்பட்டுள்ளது.

இயல் 4: சேகரிப்போர் பாகுபாடு

சேகரிப்போர் ஐவகையர்.

(அ) டேட்டர். எது பெயர் பெற்றதோ அதை மட்டும் துரத்துபவர். வாங்கியதும் வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கமாட்டார். கடை வாசலில் நிறுத்திய காரின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பாட்டிலை இரு தொடைகளுக்கு நடுவே நிறுத்தி, ஸ்டியரிங்கின் கீழ்விளிம்பு தெரியும்படி மேலிருந்து படமெடுத்து உலகுக்குக் காட்டுவார். பின்னணியில் காரின் மிதியடி தெரிய வேண்டும் என்பது எழுதாத விதி.

(ஆ) ஃபிளிப்பர். வாங்கும்போதே விற்பவர்.

(இ) டஸ்டி வேட்டைக்காரர். ஊருக்கு வெளியே பழைய கடையின் கீழ்த்தட்டில் 1980களின் பாட்டில் ஒன்று தூசு படிந்து இன்னும் இருக்கும் என நம்பி ஊர் ஊராக அலைபவர். தமிழில் இவர் ஏடு தேடி அலைபவர்க்கு ஒப்பர். ஒரே வேறுபாடு, இவர் கண்டதைப் பதிப்பிக்க மாட்டார்.

(ஈ) பங்கர் கட்டுபவர். நிலவறையில் அடுக்கி வைப்பவர். ஏன் என்று கேட்டால், "விலை இன்னும் ஏறும்ல" என்பார். ஏறியபின் ஏன் திறக்கவில்லை என்றால், "இவ்வளவு விலைச் சரக்கை எப்படித் திறப்பது" என்பார். இவ்விரு விடையும் சேர்ந்ததே இந்த ஆய்வேடு.

(உ) குடிப்பவர். இவ்வகை பற்றிக் காண்க: இயல் 6.

இயல் 5: மூடி

இனி நம் ஆய்வின் நெஞ்சுக்கு வருவோம்.

1984ல் எல்மர் டி. லீ என்பார் மேற்சொன்ன பிராங்க்ஃபர்ட் ஆலையில் பிளாண்டன்ஸ் என்னும் போர்பனை வெளியிட்டார். பல பீப்பாய்களைக் கலக்காமல் ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பி விற்பனைக்கு வந்தவற்றுள் இது முன்னோடி. பெயர், அவ்வாலையை ஆண்ட கர்னல் ஆல்பர்ட் பிளாண்டனுடையது. உருண்டைப் பாட்டில். அதன் சீட்டில் கிடங்கின் பெயர், பீப்பாய் எண், அடுக்கு எண், பீப்பாயைத் திறந்து கொட்டிய தேதி முதலியன குறிக்கப்பட்டிருக்கும். ஓலைச்சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயரும் நாளும் இருப்பதுபோல. தம் பிள்ளையின் பிறந்தநாளோடு கொட்டிய தேதி ஒத்துவரும் பாட்டிலைத் தேடுவோர் உளர். பிள்ளைக்கு 21 வயதாகும்வரை அமெரிக்கச் சட்டப்படி அது அப்பனுக்கே சொந்தம்.

இவையெல்லாம் சிறப்பல்ல. சிறப்பு மூடியில்.

மூடிமேல் ஓர் உலோகக் குதிரையும் குதிரையோட்டியும். மூடிகள் எட்டு வகை. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து: பி, எல், ஏ, என், டி, ஓ, என், எஸ். கூட்டினால் பிளாண்டன்ஸ். குதிரை பி-யில் பந்தயம் தொடங்குமுன் நிதானமாக நிற்கும் (பி மூடி, குதிரை, முழுவதும்). இடையில் ஓடும் (மேற்படி குதிரை, வேறு மூடிகள்). எஸ்-ஸில் வென்று, ஓட்டி கையைத் தூக்குவார் (எஸ் மூடி, ஓட்டி, வலது இடது என்பதில் கருத்து வேறுபாடு எழ இடமளிக்கும் வகையில் பார்க்க).

எட்டும் சமவாய்ப்பில் வருமென்றால், முழு வரிசையும் சேரச் சராசரியாக எத்தனை பாட்டில் வாங்க வேண்டும்? இது கணிதத்தில் 'கூப்பன் சேகரிப்பாளர் கணக்கு' எனப் பெயர் பெற்றது. விடை ஏறக்குறைய 22. ஏழு சேர்ந்தபின், எட்டாவது ஒன்றுக்காக மட்டும் சராசரியாக எட்டு பாட்டில். ஒன்று நூறு டாலர் என்று வைத்தால், ஓர் ஊரின் பெயர்ப்பலகை அளவு நீளமுள்ள சொல்லை எழுத 2,200 டாலர். எழுத்தெண்ணிப் படித்தவர் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இங்கே எழுகிறது பெரும் சிக்கல். என் இரண்டு. எது முதல் என், எது இரண்டாம் என்? அறிய வழி உண்டு: ஒரு என்-னின் பக்கத்தில் மட்டும் இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அதுவே இரண்டாம் என். ஆலை இதற்கு மேல் ஒன்றும் சொல்லாதது நம் துறைக்குச் செய்த பேருதவி.

இப்புள்ளிகள் குறித்து மூன்று கொள்கைகள் இயலும். முதற்கொள்கை: தமிழில் மெய் ஒரு புள்ளி பெறும், ஆய்தம் மூன்று புள்ளி பெறும், இரண்டு பெறுவது இரண்டுக்கும் இடைப்பட்டது, ஆகவே அது முக்கால் ஆய்தம். இரண்டாம் கொள்கை: அவை புள்ளியே அல்ல, ஏடெடுத்தவர் கைநடுக்கம் (இடைச்செருகல் என்பாரும் உளர், அவரைப் பேசவிட வேண்டாம்). மூன்றாம் கொள்கை, யாம் கொள்வது: முதற்கொள்கையைத் தவறாகப் புரிந்துகொண்டவர் இரண்டாம் கொள்கையைச் சரியாக மறுத்ததால் விளைந்த குழப்பம் அது (இதை மறுப்பார், அதே மூடியைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தவர், அவரை மறுப்பார், கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தவர், இருவரையும் மறுப்பது இதே ஆசிரியர் இனி எழுதவிருக்கும் கட்டுரை, பக்க எண் அச்சான பின் தரப்படும், அதை மறுப்பதும் இவரே, பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைவதால்).

சிக்கல் இதோடு முடியவில்லை. எட்டு மூடியும் சேர்ந்தவர் அவற்றை அனுப்பினால், பீப்பாய்ப் பலகை ஒன்றில் வரிசையாகப் பதித்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை ஆலையே செய்தது. மூடியை அனுப்ப வேண்டுமென்றால் பாட்டிலைத் திறக்க வேண்டும். திறந்தால் பாட்டிலின் சந்தை விலை போச்சு. மூடி சேர்ப்பவர் திறந்தே தீர வேண்டும், பாட்டில் சேர்ப்பவர் திறக்கவே கூடாது, இருவரும் ஒருவரே. இம்முரணுக்குத் தீர்வு கண்டிருக்கின்றனர்: இரண்டு வரிசை வாங்குவது. ஒன்று பலகைக்கு, ஒன்று அலமாரிக்கு. இன்னும் சிலர் மூடியை மட்டும் தனியே விலைக்கு வாங்குகின்றனர். இதனால் போர்பன் வரலாற்றில் முதன்முறையாகப் போர்பன் தேவைப்படாத போர்பன் சேகரம் பிறந்தது. நூலைத் திறக்காமலே மேற்கோள் காட்டும் கலையை நம் அறிஞர் இதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டனர் என்பதைப் பெருமிதத்தோடு பதிவுசெய்கிறோம்.

இயல் 6: குடித்தல்

தரவு கிடைக்கவில்லை.

முடிவுரை

மரத்தில் இருக்கும்வரைதான் போர்பனுக்கு வயது. கண்ணாடிக்குள் போனதும் அது நின்றுவிடும். 12 வருடச் சரக்கை வாங்கி 30 வருடம் பூட்டி வைத்தாலும் அது 12 வருடச் சரக்கே, முற்றுவது வைத்திருப்பவர். ஆகவே சேகரிப்பவர் பாட்டிலைக் காக்கவில்லை, விலையைக் காக்கிறார். விலைக்கு நிறமில்லை, மணமில்லை, நாக்கில் படுவதுமில்லை. இந்தியா 2025 பிப்ரவரியில் போர்பன் மீதான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100க்குக் குறைத்ததால், இந்நோய் இனி நம்மூர்ப் பணக்காரர் அலமாரிகளுக்கும் தடையின்றிப் பரவும் என்று நம்பலாம்.

பரிந்துரைகள் இரண்டு. ஒன்று, வாங்கியதைத் திறக்கலாம். மற்றொன்று, திறந்ததைக் குடிக்கலாம். இவ்விரண்டையும் கண்டறிய ஆறு இயல்கள் தேவைப்பட்டது துறையின் தரத்தைக் காட்டுகிறது.

இவ்வாய்வேட்டுக்கு இனி வாய்மொழித் தேர்வு மட்டுமே பாக்கி. அன்று பாட்டில் ஒன்று திறக்கப்படும் என்று செய்தி கசிந்ததில் இருந்து, வெளியூர்களிலிருந்து புறத்தேர்வாளர் பதினொருவர் தாமாகவே முன்வந்துள்ளனர். அவர்களுள் எவரும் இதுவரை ஆய்வேட்டைக் கேட்கவில்லை.