குடவோலையும் குலுக்கல் சீட்டும்: உத்திரமேரூரை முன்வைத்து ஓர் ஆய்வு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, ஒன்று கி.பி. 919, மற்றது 921. அவை சொல்லும் குடவோலை முறை காலத்தில் கரைந்துபோனது என்பது பாடநூல்களின் முடிபு. கரையவில்லை, இன்றும் மாதத்தின் முதல் வாரத்தில் ஏதோவொரு வீட்டுத் திண்ணையில் நடக்கிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள். முன்னோடி அறிஞர்கள் அதைப் பேரூராட்சித் தேர்தலில் தேடிக் களைத்தார்கள். குலுக்கல் சீட்டில் தேடியிருக்க வேண்டும்.

முதலில் பாண்டம். கல்வெட்டின்படி குடத்தைச் சபையார் எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். திண்ணையிலும் சீட்டுக்காரம்மா எவர்சில்வர் தூக்கைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டிய பிறகுதான் மடித்த காகிதங்கள் உள்ளே போகின்றன. அன்று உள்ளிருப்பதை அறியாத ஒரு பாலன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி, உரக்க வாசிப்பான். அந்த ஐந்து விரல்தான் இந்தச் சாசனத்தின் உச்சம் என்பேன். இடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைக்க விரல்கள் சேர்ந்திருக்க வேண்டுமே! ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊரார் ஒருவரையொருவர் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார்கள்!

அடுத்து தகுதி. வாரியத்துக்கு வர, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும். வேதத்தோடு பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். சீட்டிலும் வாடகைக்குக் குடியிருப்பவரிடம் ஜாமீன் கேட்பார்கள். அரசு சம்பளக்காரர் என்றால் கேட்கமாட்டார்கள். பாஷ்யத்தின் இடத்தைச் சம்பளப் பட்டியல் பிடித்துக்கொண்டது, அவ்வளவே. கழுதை ஏறியவர்களுக்குக் கல்வெட்டு விதித்த தடையை மட்டும் இன்றைய சீட்டுகள் கைவிட்டிருக்கின்றன. கழுதைகள் குறைந்துவிட்டதே காரணம்.

மூன்றாவது, சுழற்சி. இருபது பேர், ஆளுக்கு ஆயிரம், இருபது மாதம். முதல் மாதத்து இருபதாயிரம் சீட்டு பிடிப்பவருக்கு. அதில் குலுக்கலும் இல்லை, கேள்வியும் இல்லை. பிறகு சீட்டு விழுந்தவர் பெயர் தூக்கை விட்டு வெளியேறும், பணம் கட்டுவது மட்டும் தொடரும். வாரியத்தில் இருந்தவர் பெயரை மூன்றாண்டு குடத்தில் இடாத விதியே இப்படி வட்டிக்கடைக் காலத்துக்கு ஏற்ப மாறியிருக்கிறது.

மிக வலுவான சான்று, கணக்கு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனை மட்டும் அல்ல, அவன் சிற்றன்னை பிள்ளைகள், அத்தை மக்கள், மாமனார், மச்சான், மருமகன் என்று சுற்றத்தையே கல்வெட்டு விலக்குகிறது. சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டுப் போனவரின் மச்சான் வேறு சீட்டில் சேர முயல்வதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். யாரும் முடியாது என்று சொல்வதில்லை. "ஆள் சேர்ந்தாச்சுண்ணே" என்பார்கள்.

மறுப்புகள் உண்டு. பதிவு செய்யாத சீட்டு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பார் வழக்கறிஞர். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியே தடை செய்யப்பட்டதே என்பார் இன்னொருவர். லாட்டரியில் ஒருவருக்கு விழுந்தால் மற்றவர்களுக்கு இல்லை. சீட்டில் எல்லோருக்கும் விழும், அம்மா ஊரில் இருக்கும்வரை. குடவோலையில் பெண்களுக்கு இடமில்லையே, திண்ணையில் பெண்கள்தானே அதிகம் என்பது நியாயமான மறுப்பு. சோழர் காலத்து விதியில் இரண்டே ஆண்டில் திருத்தம் வந்தது; ஆயிரம் ஆண்டில் இன்னொரு திருத்தம் வரக்கூடாதா?

முறையை இன்று உண்மையில் அச்சுறுத்துவது கல்வி. எல்.கே.ஜி. முடித்த பிள்ளை மடிப்பின் விளிம்பில் தெரியும் ஓரெழுத்தை வைத்தே அத்தை பெயரைக் கண்டுகொள்கிறது. போன மாதம் அப்படி எடுத்ததாகப் புகார் எழுந்து குலுக்கல் மறுபடி நடந்தது. எழுத்தறியாத பாலனுக்கு அம்மா தெருத் தெருவாக அலைகிறார். மூன்று வயதிலேயே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு வயதுக்காரர்கள் காகிதத்தைத் தின்றுவிடுகிறார்கள்.