கும்பலோடு அல்லேலூயா: சேர்ந்து பாடுதல் குறித்த ஓர் ஒலியியல் ஆராய்ச்சி

'கும்பலோடு கோவிந்தா' என்ற வழக்கை அறிஞர்கள் இதுவரை ஏளனச் சொல்லாகவே கொண்டிருக்கிறார்கள். பத்துப் பேரோடு பதினொன்றாகப் போய்ச் சேர்ந்துகொள்பவனை அது குறிக்குமாம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. அது ஓர் ஒலியியல் விதி. பஜனைக் கோஷ்டியில் நெடுநாள் நின்று, பக்கத்து ஆளின் சுருதியோடு தன் சுருதியை ஒப்பிட்டுப் பார்த்துத் திடுக்கிட்ட ஒரு நுண்ணறிவாளர்தான் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவர் பெயர் நமக்குக் கிடைக்காததும் விதிப்படியே. கும்பலில் யாருக்குப் பெயர் இருக்கிறது?

ஆய்வுக் களம், பாளையங்கோட்டைப் பக்கத்து ஆலயம் ஒன்றின் பாடகர் குழு. 'பாடகர் குழு' என்பது நோட்டீஸில் மட்டும், வாயில் 'கொயர்'தான். சோப்ரானோ 16, ஆல்ட்டோ 12, டெனர் 7, பேஸ் 5, ஆக 40 பேர். அந்த ஐவரில் இவ்வாய்வாளரும் ஒருவர். தகுதி: கட்டைக் குரல், வெள்ளைச் சட்டை, சனிக்கிழமை சாயங்காலம் வேறு வேலையின்மை.

முதலில் கணக்கு. ஒரே அளவு குரலுள்ள பாடகர்கள் இருமடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். அதையே திருப்பிப் போட்டால், 40 பேரில் ஒருவர் பாட்டை நிறுத்தும்போது குறைவது வெறும் 0.1 டெசிபல். சத்தம் மாறியது என்று காது உணர ஏறக்குறைய 1 டெசிபலாவது வேண்டும். ஆக, எட்டொன்பது பேர் ஒரே நேரத்தில் வாயை மட்டும் அசைத்தால் ஒழியக் கடைசி பெஞ்சுக்கு எதுவும் தெரியாது. உச்ச ஸ்தாயி வரும் இடங்களில் சோப்ரானோ அக்காமார் சிலர் முகத்தில் மட்டும் பக்தி பொங்கப் பாடுவதை நான் பக்கவாட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

சரி, பாடுகிற 31 பேர் பிசகினால்? பிசக வேண்டும் என்பதே இயற்கையின் ஏற்பாடு. எலக்ட்ரானிக் கீபோர்டில் 'கோரஸ்' என்றொரு பொத்தான் உண்டு. அது ஓர் ஒலியைப் பிரதி எடுத்து, சுருதியையும் நேரத்தையும் இம்மியளவு நகர்த்தி, மூலத்தோடு சேர்த்து ஒலிக்கவிடும். உடனே ஒற்றை ஒலி ஒரு கூட்டமாகக் கேட்கும். அவ்வளவு பேரும் அச்சுப்பிசகாமல் ஒரே சுருதியில் நின்றால் அந்தக் கனம் வராது. கீபோர்டு விலையோடு சேர்த்து விற்கிற பிசகை நாங்கள் ஞாயிறுதோறும் இலவசமாக வழங்கிவருகிறோம். இதைக் கொயர் மாஸ்டரிடம் எடுத்துச் சொன்னேன். "தம்பி, அது இம்மியளவு. நீங்க பாடுதது அடுத்த பாட்டு" என்றார். கருத்து வேறுபாடு ஆய்வுக்கு நல்லது.

இனி இன்பத்தின் ஊற்றுக்கு வருவோம். பாடுகிறவருக்குத் தன் குரல் காற்று வழியாகவும் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறது. மற்றவர்கள் குரல் காற்று வழியாக மட்டும். அதனால் அவரவர் காதில் அவரவரே வித்வான், மற்ற 39 பேரும் பக்கவாத்தியம். சபையின் காதிலோ அவர் 0.1 டெசிபல். இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. குளியலறையில் முதல் வசதி மட்டும் உண்டு, கூட்டம் கிடையாது; மேடைக் கச்சேரியில் கூட்டம் உண்டு, ஒளிய இடம் கிடையாது. மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் கொயர் ஒன்றே.

எலும்பும் போதாத நேரம் உண்டு. பக்கத்து ஆள் உரக்கப் பாடினால் தன் குரலைக் கேட்க ஒவ்வொருவரும் குரலை ஏற்றுவார்கள். அதைப் பார்த்து அவர் இன்னும் ஏற்றுவார். இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் நூறாண்டுக்கு முன்பே கண்டார். அவர் பெயராலேயே லொம்பார் விளைவு என்பார்கள். எங்கள் ஊரில் அதன் பெயர், "ஏல, சண்டையா போடுதிய?"

வரலாற்றைச் சுருக்கமாக முடிக்கலாம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சேர்ந்து பாடுவது ஒரு காய்ச்சல் போலப் பரவியது. காரணம் இரண்டு. அச்சிட்ட இசைத்தாள் மலிவானது. ஜான் கர்வன் என்ற போதகர், சாரா குளோவர் என்ற நார்விச் ஆசிரியையின் முறையை எடுத்து வளர்த்து, ஐந்து கோட்டு நோட்டேஷன் தெரியாதவரும் வெறும் எழுத்துகளைப் பார்த்துப் பாடும் 'டானிக் சால்ஃபா'வைப் பரப்பினார். ஹாண்டலின் 'மெசாயா' 1742இல் டப்ளினில் அரங்கேறியபோது பாடியது முப்பது சொச்சம் பேர். அடுத்த நூற்றாண்டில் லண்டன் படிகமாளிகையில் ஆயிரக்கணக்கானோர் பாடினார்கள். ஒருவர் விலகினால் எத்தனை டெசிபல் என்று வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். பாடத் தெரியாதவர்களின் பொற்காலம் அது. சென்னையிலும் 1893 முதல் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குப் பாடத் தெரியும் என்பதால் இந்த ஆய்வில் சேர்க்க இயலவில்லை.

இதயத்தையும் விடக்கூடாது. சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதை 2013இல் சுவீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். ஒரே இடத்தில் மூச்செடுத்து ஒரே இடத்தில் விடுவதுதான் காரணம். அப்படியானால் எங்கள் பேஸ் வரிசையில் ஐவருக்கும் ஒரே துடிப்பு. சுகர் மட்டும் தனித்தனி. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது ராத்திரி ஒரு மணிக்கு ஏழாவது வீட்டில் நீட்டப்படும் அச்சுமுறுக்கை மறுக்க முடியாதவர் நால்வர். ஐந்தாமவர் கேட்டு வாங்குவார்.

இவ்வளவும் விதி. விதிவிலக்கை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. பேஸ் ஐந்தே பேர் என்று சொன்னேன் அல்லவா? ஐவரில் ஒருவர் நிறுத்தினால் அந்தப் பிரிவில் குறைவது ஏறக்குறைய 1 டெசிபல். மாஸ்டர் காதுக்கு அது போதும். ஒளிவதற்கு மிக மோசமான இடம் பேஸ். சேர்ந்த பிறகே இந்தக் கணக்கைப் போட்டேன்.

அதைவிட மோசமான இடம் ஒன்று 'மெசாயா'வின் 'அல்லேலூயா கோரஸி'ல் இருக்கிறது. முடிவுக்குச் சற்று முன்பு, அல்லேலூயா நான்கு முறை விறுவிறுவென்று மோதும். பிறகு சட்டென்று எல்லாம் நிற்கும். ஒரு மூச்சு நேரம் முழு மௌனம். அதற்கப்புறமே கடைசி அல்லேலூயா, நீளமாக, நிதானமாக. அந்த மௌனத்தில் கும்பல் இல்லை. பின்னம் வேலை செய்யாது. நாற்பதில் ஒன்று என்பது ஒன்றில் ஒன்றாகிவிடும்.

கேரல் ஆராதனை அன்று அதைப் பாடத் தொடங்கியதும் சபை முழுவதும் எழுந்து நின்றது. இதைக் கேட்டு இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்தார், அதனால் நாமும் எழுகிறோம் என்பார்கள். மன்னர் இதைக் கேட்க வந்ததற்கே சரியான ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமலே எல்லாரும் எழுந்து, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்கு அல்லேலூயா முடிந்தது. மாஸ்டர் கை மேலே நின்றது. நான் ஐந்தாவதைப் பாடினேன். நல்ல சுருதி என்றே இன்றும் நினைக்கிறேன்.

வெளியே கேக் கொடுக்கும் இடத்தில் முன்வரிசைப் பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தன வருசமா நிக்கியே, இன்னைக்குத்தான்ய்யா ஒன் சத்தத்தக் கேட்டேன்" என்றார். அளவீட்டுக் கருவி இல்லாமலே இவ்வாய்வின் கருதுகோளை உறுதிசெய்த முதல் சாட்சி அவர்.

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பயிற்சிக்கு இசைத்தாள்களைக் கொடுத்தபோது பார்த்தேன். அந்த மௌனத்தின் மேல் பென்சிலால் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தது. கையைப் பார் என்பதற்குக் கொயர் வழக்கில் அதுதான் குறி. பக்கத்து நால்வரின் தாளையும் எட்டிப் பார்த்தேன். அவர்களுடையதில் கண்ணாடி இல்லை. அந்த இடத்தில் ஒரு சிறு அம்புக்குறி இருந்தது. அது நான் நிற்கும் பக்கம் பார்த்திருந்தது.