அமரிடவியல்: லாஸ் வேகஸ் குறித்து முழங்கால் நோக்கில் ஒரு கள ஆய்வு

முதலில் சொற்பிறப்பு. அது இல்லாமல் தமிழில் ஆய்வுக் கட்டுரை எழுதினால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். 'வேகஸ்' என்பது புல்வெளிகளைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் என்று அகராதிகள் சொல்கின்றன. நாம் அதற்கெல்லாம் கட்டுப்பட வேண்டியதில்லை. வேகம் + காசு = வேகாசு. புணர்ச்சியில் ககரம் கெட்டது. பயணத்தில் காசு கெட்டது. இதைவிட மெலிந்த சான்றுகளின் மேல் பேராசிரியர் நாற்காலிகள் ஆடாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

நாற்காலி என்றதுமே ஆய்வுப் பொருளுக்கு வந்துவிட்டோம்.

ஆய்வுக் குழுவில் ஐவர்: நான், மனைவி, பதினோரு வயது மகள், ஆறு வயது மகன், மாயவரத்திலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்த மாமியார். ஆய்வு நாள், ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெயில் 40 டிகிரிக்கு மேல். ஆய்வுக் களம், 'ஸ்ட்ரிப்' எனப்படும் 6.8 கிலோமீட்டர் தெரு. இந்தத் தெருவின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள் இல்லை என்பதைக் கறாரான ஆய்வாளன் சொல்லியாக வேண்டும். நகராட்சி தன்னை இழுத்துக்கொள்ளாமல் இருக்க 1950-ல் தனியே பிரிந்த ஊர் அது. பெயர் பாரடைஸ், அதாவது சொர்க்கம். இதைக் குழுவுக்கு அறிவித்தபோது கிடைத்த முதல் எதிர்வினை: "சொர்க்கத்துல உக்கார ஒரு திண்ணை வைக்கக் கூடாதா மாப்பிள்ளை?" (மாமியார், வாய்மொழி, காலை 10.20).

முன்னோர் ஆய்வுகள். 1968-ல் ராபர்ட் வெஞ்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனோர் ஆகியோர் யேல் பல்கலைக்கழக மாணவர்களோடு வந்து இந்தத் தெருவை அளந்தார்கள். 1972-ல் அது புத்தகமாகி, கட்டடக்கலை படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கட்டடங்களை 'வாத்து' என்றும் 'அலங்கரித்த கொட்டகை' என்றும் அவர்கள் வகைப்படுத்தியது புகழ்பெற்றது. கார் ஓட்டிப் போகிறவன் கண்ணுக்குத் தெரியும் தெரு அது. வண்டி உண்டு, விளக்குப் பலகை உண்டு, வாகன நிறுத்துமிடம் உண்டு; முழங்கால் மட்டும் இல்லை. எந்த மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகாமல் செய்யப்பட்ட கள ஆய்வு வேறெப்படி இருக்கும்?

தூரம். ஒரே அலகு, 'இதோ'. கட்டடங்கள் பிரம்மாண்டமாக இருப்பதால் அடுத்த ஓட்டல் எப்போதும் பக்கத்தில் தெரியும். ஓர் 'இதோ' என்பது மேம்பாலப் படிகள் நீங்கலாக இருபது நிமிடம்.

பார்த்த இடங்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மிராஜ் எரிமலை: 2024 ஜூலையில் விடுதியோடு சேர்த்து மூடிவிட்டார்கள். ஈஃபெல் கோபுரம்: அசலில் ஏறத்தாழ பாதி, 540 அடி; கால்வலி முழு அளவு. லக்ஸர் பிரமிடு: 30 மாடி, அசல் பிரமிடில் மம்மிக்காவது படுக்க இடம் இருந்தது. வெனிஷியன்: கால்வாயை இரண்டாம் தளத்தில் ஓடவிட்டு, மேலே வானம் வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் படகைப் பார்த்தார்கள். மாமியார் தரையைப் பார்த்தார்: "மாடியில இவ்வளவு தண்ணி விட்டா கீழ் வீட்டுக்காரன் சும்மா இருக்கானா?" (மேற்படி, பகல் 12.05, மறுபதிப்புகள் 12.07, 12.10).

சுதந்திர தேவி சிலைக்கு மட்டும் ஓர் அடைப்புக்குறி. நியூயார்க்-நியூயார்க் விடுதி வாசலில் நிற்கும் இந்த நகலின் முகத்தை அசல் என்று நினைத்து அமெரிக்க அஞ்சல் துறை 2010-ல் தபால்தலை வெளியிட்டது. நகலைச் செய்த சிற்பி ராபர்ட் டேவிட்சன் வழக்குப் போட, 2018-ல் நீதிமன்றம் அவருக்கு சுமார் 35 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. மூலபாடத்தைத் திறந்து பார்க்காமலே மேற்கோள் காட்டும் நம் ஆய்வுலக வழக்கத்துக்கு இவ்வளவு அபராதம் விதித்தால் எத்தனை துறைகள் தாங்கும் என்று தெரியவில்லை.

இனி அமரிடம். கோயிலுக்குப் போனால் தரிசனம் முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது மாமியார் கொள்கை. ஆயிரங்கால் மண்டபம் பின் எதற்கு இருக்கிறது? இந்தக் கொள்கையை அவர் ஈஃபெல் கோபுரத்துக்கும் நீட்டித்தார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. சாப்பிட்டால் நாற்காலி உண்டு. சும்மா உட்கார, எங்கள் கண்ணில் பட்டவரை ஒன்றுமில்லை. சீசர்ஸ் பேலஸை 1966-ல் திறந்த ஜே சார்னோ, வருகிறவர் எல்லாருமே சீசர்தான் என்று சொல்லி ஆங்கிலப் பெயரிலிருந்த உடைமைக் குறியை எடுத்தவர். குறியோடு சேர்த்து இருக்கையையும் எடுத்துவிட்டார் போலிருக்கிறது. (மாமியார், பெருமூச்சு, இரண்டாம் தொகுதி, பிற்பகல் 1.50, மகளின் பதவுரை, பொழிப்புரையுடன்.)

அப்புறம்தான் கண்டுபிடித்தோம்: மெத்தை வைத்த, சாய்மானமுள்ள, முதுகுக்கு இதமான நாற்காலிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சூதாட்ட இயந்திரம் நிற்கிறது. நெவாடா சட்டப்படி 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அந்தக் கூடத்தைக் கடந்து போகலாம், தங்கக்கூடாது. மாமியாருக்கு வயது 67. ஒரு டாலர் நோட்டை இயந்திரத்தில் நுழைத்து அவரை உட்கார வைத்தோம்.

"இது சூதாட்டம் இல்லையா?"

"வாடகை அத்தை."

மாமியார் உட்கார்ந்தார். பொத்தானை அமுக்கவில்லை. அமுக்கினால் காசு தீரும், தீர்ந்தால் எழுந்திருக்க வேண்டும். அமுக்காத வரை வாடகை ஓடாது. நிகழ்தகவுக் கோட்பாடு படித்தவர்கள் இத்தனை ஆண்டுகள் இயந்திரத்தை எப்படி வெல்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் வீண். ஊழியர் யாராவது பக்கமாக வந்தால் மட்டும் ஒருமுறை அமுக்குவார். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்ட பெண்ணிடம் வெந்நீர் கேட்டார். வந்தது, எலுமிச்சைத் துண்டுடன்.

பிள்ளைகள் நிற்கக்கூடாது என்பதால் நாங்கள் நால்வரும் நடைபாதையோடு சுற்றிக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு சுற்றிலும் அவர் கையசைத்தார். ஒன்பதாவது சுற்றில் மகன், "பாட்டி சாமியா?" என்று கேட்டான். அதே சுற்றில் பதிவானது: (மாமியார், 'உங்க மாமனார் இருந்திருந்தா', முற்றுப்பெறாத படைப்பு, பிற்பகல் 2.40, மகள் பதிப்பித்தது, பேத்தியின் மறுப்புரையும் பேரனின் பிழைதிருத்தமும் கொண்டது, கூட்டத்தின் இரைச்சலால் கடைசி வரிகள் சிதைந்தன.)

ஐம்பது நிமிடம் கழித்து எழுந்தார். மீதி 40 சென்ட்டுக்கு இயந்திரம் ஒரு சீட்டு துப்பியது. இந்த ஆய்வின் மூல ஆவணம் அதுவே. இப்போது அது மாமியாரின் கைப்பையில் இருக்கிறது. பிறர் பார்வையிட அனுமதி இல்லை. ஓலைச்சுவடியைப் பரணில் பூட்டிக்கொண்டு அதைப் பற்றி முப்பது வருடம் கட்டுரை எழுதும் மரபில் வந்தவர்கள் இதைக் குறை சொல்ல முடியாது.

இரவு பெல்லாஜியோ நீரூற்று. கால் மணிக்கு ஒரு தரம், 460 அடி வரை தண்ணீர் எழும்பும். நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும்; பார்த்தோம்.

அந்தத் தெருவில் ஒன்றும் வாங்காமல், ஒன்றும் அமுக்காமல், ஐந்து பேர் சேர்ந்து உட்கார ஓர் இடம் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள். மே மாதம் மாமியார் மறுபடி வருகிறார். அந்த 40 சென்ட்டை விடுவதாக இல்லை.