கல்லுக்கு மைலேஜ் எவ்வளவு?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர்களிடம் படகுப் பெருமை பேசக் கூடாது. பழைய காலத்து ஸ்பீடு போட் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கினேன், எஞ்சினைக் கழற்றிப் புதுசு போட்டேன், அடிப்பாகத்தைத் தேய்த்து மெருகேற்றினேன், இப்போது தண்ணீரில் பறக்கிறது என்று யார் வந்து அளந்தாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி வரும்: "எங்க ஊருக்கு ஒருத்தர் கல்லுல வந்து எறங்குனாரே, அது எந்த மாடல்?" வந்தவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

கதை ஏழாம் நூற்றாண்டில் நடக்கிறது. ஓட்டியவர் திருநாவுக்கரசர். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினால் பெயர் மாற்றமே மூன்று: பிறந்தபோது மருள்நீக்கியார், அன்று பாடலிபுரம் எனப்பட்ட இதே ஊரின் சமணப் பள்ளியில் தருமசேனர், சூலை நோய் வந்து அக்காள் திலகவதியார் இருந்த திருவதிகைக்குத் திரும்பிய பிறகு நாவுக்கரசர். தலைமைப் பொறுப்பில் இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க்கட்சிக்குப் போனால் பழைய கட்சிக்காரர்கள் என்ன செய்வார்களோ அதையே சமணர்களும் செய்தார்கள். மேலிடத்துக்குப் புகார் போனது. மேலிடம் பல்லவ மன்னன். வரலாற்றாசிரியர்கள் கைகாட்டுவது முதலாம் மகேந்திரவர்மனை. ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நாடகத்தில் காபாலிகரையும் பௌத்தரையும் வாரு வாரென்று வாரியவர். ஆகவே அவரை நாம் லேசாக வாரினால் கோபித்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை.

பெரியபுராணம் சொல்கிறபடி, மன்னர் எடுத்த எடுப்பிலேயே கடலுக்குப் போய்விடவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது. ஏழு நாள் நீற்றறையில் அடைத்து வெப்பச் சோதனை. நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டிக் கலப்பட எரிபொருள் சோதனை. யானையை ஏவி மோதல் சோதனை. யானை வலம்வந்து வணங்கிவிட்டு ஏவியவர்கள் பக்கமே திரும்பியது. மூன்றிலும் தேறியவருக்குத்தான் தண்ணீர்ச் சோதனை. கல்லோடு சேர்த்துக் கட்டி, படகில் ஏற்றிக் கொண்டுபோய், கடலில் தள்ளினார்கள். அவர் நமச்சிவாயப் பதிகம் பாடினார். கல் மிதந்தது. எஞ்சின் கிடையாது, பாய் கிடையாது, துடுப்பு கிடையாது, ஓட்டுநர் கையும் கட்டப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் பாட வண்டி நகர்கிறது. மைலேஜ் கணக்குப் போட வழியே இல்லை. கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர். வண்டிப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது; சித்திரையில் விழாவும் நடக்கிறது.

இதில் எனக்குப் பாவமாகத் தெரிபவர்கள் சமணர்கள்தான். அவர்கள் கடல் தெரியாதவர்கள் அல்ல. இதே பாடலிபுரத்தில், சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், ‘லோகவிபாகம்’ என்ற நூல் எழுதப்பட்டது. உலகத்தில் எத்தனை தீவு, எத்தனை கடல், ஒவ்வொன்றும் எத்தனை யோசனை அகலம் என்று வரிசையாகக் கணக்குச் சொல்கிற நூல். ஜம்புத்தீவைச் சுற்றியிருக்கும் உப்புக்கடலின் அகலம் இரண்டு லட்சம் யோசனை. பூஜ்யத்தை இடமதிப்போடு எழுதிக் காட்டிய மிகப் பழைய நூல்களில் அதுவும் ஒன்று என்று கணித வரலாற்றுக்காரர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பிரபஞ்சத்தின் எல்லாக் கடலையும் அளந்து வைத்த பள்ளி, உள்ளூர்க் கடலில் ஒரு கல்லைப் போட்டுத் தோற்றுப் போனது. மன்னரும் மனம் மாறி, பாடலிபுரத்துப் பள்ளியை இடித்து, அந்தச் சாமான்களைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினார் என்கிறது புராணம். பழைய வண்டியைப் பிரித்துப் பாகங்களை வேறு வண்டியில் மாட்டும் தொழில் கடலூர் மாவட்டத்தில் அன்றே தொடங்கிவிட்டது.

இந்தக் கதையை நமக்கு விரித்துச் சொன்ன சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சர். அந்தக் குலோத்துங்கன்தான் தில்லைக் கோவிந்தராசர் சிலையைப் பெயர்த்துக் கடலில் போட்டவன் என்பது வைணவ மரபு. பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே கடல். சைவரைக் கட்டிய கல் மிதந்தது. சைவ மன்னன் எறிந்த பெருமாள் சிலை மூழ்கியது. கடலுக்குச் சமயச் சார்பு கிடையாது என்று யாராவது சொன்னால் சிதம்பரத்தில் கோவிந்தராசர் சந்நிதி வாசலில் வந்து சொல்லட்டும்.

அருளில்லாத ஆசாமிகளுக்குக் கல் மிதக்காது. அவர்களுக்காக இந்தக் கரை கண்டுபிடித்த வண்டி கட்டுமரம். நாலைந்து மரத்தைச் செதுக்கி, முன்பக்கம் கொஞ்சம் தூக்கி, கயிற்றால் வரிந்து கட்டினால் தீர்ந்தது. இதில் ஓட்டை விழாது, முழுக்கவே இடுக்குதான். தண்ணீர் இறைக்க வேண்டாம். வந்த வழியே போய்விடும். அலை கவிழ்த்தால் திருப்பிப் போட்டு ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரம் மரமாகப் பிரித்து வெயிலில் காயப்போட வேண்டும், இவ்வளவுதான் சர்வீஸ். கப்பற்கொள்ளைக்காரராக இருந்து எழுத்தாளரான வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்து வியந்து 1697-இல் வெளிவந்த தம் பயணநூலில் எழுதினார். பின்னால் வந்த கும்பினிக்காரர்களும் வியந்தார்கள். ஆனால் ஏறி உட்கார யோசித்தார்கள். துறைமுகம் இல்லாத இந்தக் கரையில் பீரங்கி பூட்டிய பெரிய கப்பலெல்லாம் அலைக்கு அப்பால் தேமே என்று நிற்கும். கடிதம் கரைக்குப் போக வேண்டுமானால் கட்டுமரக்காரர் தலைக்குல்லாயில் செருகிக்கொண்டு போக வேண்டும். உலகத்தையே வளைத்த கடற்படைக்குக் கடைசி அரை மைல் எங்கள் ஆட்களின் குல்லா.

நியாயமாகப் பார்த்தால் கடலூரில் தூரத்துக்கு மதிப்பு வந்ததே பீரங்கியால்தான். 1690-இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கும்பினி விலைக்கு வாங்கியது. ஒப்பந்தப்படி, கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு விழுகிற தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்து. வெள்ளைக்காரர்கள் கொட்டாவி விடுகிற பீரங்கியைக் கொண்டு வருவார்களா? இருப்பதில் நல்லதாகப் பார்த்துக் கொண்டுவந்து நாலா பக்கமும் சுட்டார்கள். அப்படிக் கிடைத்தவை ‘குண்டு கிராமங்கள்’. சாமானை மேம்படுத்திய கையோடு லாபம் பார்த்தவர்கள் என்று கடலூர் வரலாற்றில் இவர்களை மட்டுமே சொல்லலாம். மற்றவர்கள் எல்லோரும் ஒரு கஷ்டத்தைக் கொடுத்து இரண்டு கஷ்டம் வாங்கியவர்கள்.

முதல் சாட்சி, செம்புத் தகடு. மரக்கப்பலின் அடியில் கொட்டலசும் பாசியும் ஒட்டிக்கொண்டால் கப்பல் நகராது. கப்பல் புழு துளைத்தால் மிதக்காது. ஆங்கிலேயக் கடற்படை 1779 முதல் தன் கப்பல்களுக்கெல்லாம் அடியில் செம்புத் தகடு அறையத் தொடங்கியது. பாசி பிடிக்கவில்லை, புழு கடிக்கவில்லை, கப்பல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆஹா என்று கைதட்டி முடிப்பதற்குள் இன்னொன்று தெரிந்தது. உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு அரித்துப் போகும். கப்பலைப் பிடித்து வைத்திருந்த ஆணிகளோ இரும்பு. வேகமாக ஓடுகிற கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்றுவிடக் கூடும் என்றால் என்ன செய்வது? ஆணியையும் செம்புக் கலவைக்கு மாற்று! பழைய வண்டிக்குப் புது ஹார்ன் மாட்டப் போய் பேட்டரி, வயரிங் என்று பணத்தை இறைத்தவர்களுக்கு இந்த வரலாறு விளக்காமலே புரியும்.

இப்படித் தகடு அறைந்த பதினெட்டுப் போர்க்கப்பல்களோடு அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் 1783 ஜூனில் கடலூருக்கு முன்னால் வந்து நின்றார். எதிரே பிரெஞ்சுக்காரர் சஃப்ரன், பதினைந்து கப்பல்களோடு. இருவரும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று ஏற்கெனவே நாலு தடவை அடித்துக்கொண்டு சலித்தவர்கள். சஃப்ரன் சாப்பாட்டுப் பிரியர். உடம்பு அதைப் பறைசாற்றும். தளபதி தன் பெரிய கப்பலில் இருக்கக் கூடாது, சிறிய கப்பலில் இருந்தபடி போரை நடத்த வேண்டும் என்று பிரெஞ்சு ராஜாவிடமிருந்து புதிதாக உத்தரவு வந்திருந்தது. ஆகவே அந்தப் பெரிய மனிதர் ‘கிளியோபாத்ரா’ என்ற சின்னக் கப்பலுக்கு இறங்கி வந்தார். கிளியோபாத்ராவின் மனநிலையை எந்த ஆவணமும் பதிவு செய்யவில்லை.

ஜூன் 20 அன்று மூன்று மணி நேரம் சுட்டுக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய இருநூறு பேர் செத்தார்கள். ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஒரு கப்பலும் பிடிபடவில்லை. செம்புத் தகட்டில் பாசி பிடிக்கவில்லைதான்; உள்ளே மாலுமிகளுக்குச் சொறிகரப்பான் பிடித்திருந்தது, குடிதண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தது. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். ஒன்பது நாள் கழித்து, ஜூன் 29 அன்று, வெள்ளைக்கொடியோடு ‘மெடியா’ என்ற கப்பல் செய்தி கொண்டுவந்தது: ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எப்போது? ஜனவரி 20. சண்டைக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு! உலகத்தின் அதிவேகக் கடற்படை, முடிந்துபோன சண்டைக்கு முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சமாதானக் காகிதத்துக்கு மட்டும் யாரும் செம்புத் தகடு அறையவில்லை.

அப்புறம் கட்டுமரத்தின் பெயர் ‘கேட்டமரான்’ ஆகி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே உருவம் போகவில்லை. 1876-இல் நதானியல் ஹெரஷாஃப் என்பவர் இரண்டு ஒல்லி உடலை இடைவெளி விட்டு இணைத்து ‘அமரில்லிஸ்’ என்ற பாய்மரப் படகைச் செய்து, நியூயார்க் பந்தயத்தில் விட்டார். பணக்காரர்களின் படகெல்லாம் பின்னால் நின்றது. பணக்காரர்கள் யோசித்து, அதைவிட வேகமான படகு செய்வதைவிட அதைத் தகுதிநீக்கம் செய்வது சுலபம் என்று கண்டுகொண்டார்கள். 1988-இல் அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்திலும் டென்னிஸ் கானர் நியூசிலாந்தின் ராட்சசப் படகுக்கு எதிரே இரட்டையுடல் படகைக் கொண்டு நிறுத்தி ஜெயித்தார். வழக்கு நடந்து முடிய 1990 ஆயிற்று. அதே 1990-இல் ‘ஹோவர்ஸ்பீடு கிரேட் பிரிட்டன்’ என்ற இரட்டையுடல் கப்பல் அட்லாண்டிக்கை மூன்று நாள் எட்டு மணி நேரத்துக்குள் கடந்து கோப்பை வாங்கியது. கடலூரின் சிங்காரத்தோப்பிலும் சோதிக்குப்பத்திலும் இதற்காக யாரும் வெடி வெடித்ததாகத் தகவல் இல்லை.

அங்கே அப்போது வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. எண்பதுகளில் கட்டுமரத்துக்கே எஞ்சின் வந்தது. சென்னையில் 1979 முதல் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டக்காரர்கள், அலைக்குள் புகுந்து மணலில் ஏறக்கூடிய படகு ஒன்றுக்காக மாதிரி மேல் மாதிரியாகச் செய்து பார்த்தார்கள். அதைக் கட்டுமரம் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருந்தது. பிறகு 2004 டிசம்பர் 26. தேவனாம்பட்டினம் முதலாகக் கடலூர்க் குப்பங்களில் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். கட்டுமரம் ஏறக்குறைய கண்ணிலிருந்தே மறைந்தது.

ஃபைபர் படகு வேகம்தான், சந்தேகமில்லை. போன தூரத்தை அரை நேரத்தில் போகலாம். போய்ப் பார்த்தால் பக்கத்து ஊர்க்காரரும் அதே எஞ்சினோடு அங்கே நிற்கிறார். மீன் மட்டும் பழைய எண்ணிக்கையில், அல்லது அதற்கும் கீழே. ஆகவே இன்னும் தள்ளிப் போக வேண்டும். இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும். கரையில் இப்படிப் பேச்சு நடக்கும்:

"எத்தினி எச்.பி.டா?"

"ஒம்பது புள்ளி ஒம்பது, பெரியப்பா."

"அந்தப் புள்ளி ஒம்பது எதுக்கு?"

"அது கம்பெனிக்காரன் கணக்கு."

"தவணை?"

"அது நம்ம கணக்கு."

கட்டுமரத்தை இரண்டு பேர் தூக்கிக் கரையில் போடலாம். ஃபைபர் படகை இழுக்கப் பத்துப் பேர் வேண்டும், இல்லாவிட்டால் டிராக்டர் வேண்டும். டிராக்டருக்கும் எஞ்சின் உண்டு. அதுவும் டீசல் குடிக்கும். ஹியூஸின் இரும்பாணிப் பிரச்சினைதான், இப்போது மணலுக்கு ஏறி வந்திருக்கிறது. அதற்காகக் கட்டுமரத்துக்கே திரும்புங்கள் என்று மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இடுப்பளவு ஈரத்தில் மண்டி போட்டு விடிய விடியத் துடுப்பு வலித்தவருக்குத்தான் எஞ்சினின் அருமை தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் வேகத்தில்தான் மனசு போகிறது என்பவர்கள் சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம் போய்ச் சோதித்துப் பார்க்கலாம். ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். வந்துபோன இடம். படகுத்துறையில் மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. மோட்டார் படகு அகலமான கால்வாயில் சர்ரென்று ஒரு வட்டமடித்துவிட்டுத் திரும்பும். சுரபுன்னை வேர் இரண்டு பக்கமும் உரசுகிற சந்துக்குள் அதனால் நுழைய முடியாது. அங்கே போகத் துடுப்புதான் வேண்டும். மோட்டார் படகில் முந்திப் போனவர்கள் சீக்கிரமே திரும்பி வந்து, துடுப்புப் படகுக்கு இரண்டாவது சீட்டு வாங்க வரிசையில் நிற்பார்கள். வரிசை மெதுவாகத்தான் நகரும்.