பவர் வந்தாச்சி, வண்டியைத்தான் காணோம்

(பதுளை டவுனில் ஓர் ஆட்டோ ஸ்டாண்ட். கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கிற ஆகஸ்ட் மாதம். பேசுகிறவர்கள்: ஸ்டாண்டிலேயே இளையவனான ஆட்டோக்காரத் தம்பி, தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா.)

தம்பி: ஏறுங்க மாமா! ஸ்பிரிங்வெலி ஏத்தமெல்லாம் இனி நமக்கு ஒண்ணுமேயில்ல. காப்ரேட்டர்ல கை வச்சாச்சி.

மாமா: பார்த்தேன்பா. நீ மேல போறப்ப லயத்துல எல்லாரும் பார்த்தாங்க. பி.எச்.ஐ. ஐயா டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்க வந்துட்டாருன்னு கதவைச் சாத்திக்கிட்டாங்க.

தம்பி: அது பவரு மாமா! கரும்புகை வந்தா இஞ்சின் நல்லா சாப்பிடுதுன்னு அர்த்தம்.

மாமா: சாப்பிடுது சரி, செரிக்குதா? ஜெட்டை என்னா பண்ணுன?

தம்பி: புள்ளி ஒன்பது மில்லி ஓட்டை. ஒண்ணு புள்ளி ஒண்ணு பிட்டை விட்டு லேசா ஒரு தொளை. வெறும் புள்ளி ரெண்டு மில்லிதான்.

மாமா: வெறும்! ஓட்டைக்குக் கணக்கு குறுக்களவு இல்லடா, பரப்பு. பெருக்கிப் பாரு, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வருது. 2022ல கியூஆர் கோடைக் காட்டி, வாரத்துக்கு 5 லீட்டருக்காக வரிசையில தூங்குனவன் நீ. இப்ப அதையே புகைக்குழாய் வழியா ஊருக்குத் தானம் பண்ற.

தம்பி: சும்மா சொல்லாதீங்க. திருகோணமலையில மச்சான் படகு மோட்டாருக்கு இதைத்தான் செஞ்சான். 9.9 குதிரை மோட்டாருக்கு 15 குதிரையோட காப்ரேட்டரை மாட்டுனான். பறக்குது!

மாமா: பறக்கும். சில கம்பெனிக்காரன் ஒரே இஞ்சினை ரெண்டு பேருல விக்கிறவன். வெளிநாட்டுல சில ஏரியில 10 குதிரைக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு சட்டம். அதுக்காகச் சின்ன காப்ரேட்டரை மாட்டி, மூச்சைக் கட்டி விட்டிருப்பான். உன் மச்சான் அந்தக் கட்டை அவுத்தான். காத்து போற தொண்டை பெருசாச்சி, அதுக்குத் தக்கன பெட்ரோலும் கூடுச்சி. நீ தொண்டையைத் தொடவே இல்ல, ஊத்துற கரண்டியை மட்டும் பெருசாக்கிட்ட. அதோட அவன் இருக்கிறது கடலோரம். நீ எங்க இருக்க?

தம்பி: பதுளையில.

மாமா: டவுனே கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 700 மீட்டர். பண்டாரவளை 1,200க்கு மேல, அப்புத்தளை 1,400க்கு மேல. ஆயிரம் மீட்டர் ஏறுனா காத்துல பத்துல ஒரு பங்கு குறைஞ்சிரும். காத்து குறையுற அளவுக்குக் காப்ரேட்டர் பெட்ரோலைக் குறைக்காது, அதுக்கு மலையும் தெரியாது மடுவும் தெரியாது. ஒரு கிராம் பெட்ரோல் சுத்தமா எரியணும்னா பதினாலு, பதினஞ்சு கிராம் காத்து வேணும். பவருக்காகக் கொஞ்சம் கூட ஊத்தலாம், பன்னெண்டு பதிமூணு கிராமுக்கு ஒண்ணுன்னு. அதுக்கு மேல ஊத்துனா கரிதான். மலையில ஓட்டுறவன் ஜெட்டைச் சின்னதாக்கணும்டா!

தம்பி: சின்ன ஜெட்டா? ஸ்டாண்டுல என் மானம் என்னாகுறது?

மாமா: பெக்டரியில டிரையர் அடுப்பைப் பார்த்திருக்கியா? சூடு பத்தலைன்னதும் புதுசா வந்த பையன் விறகா வாரி அடைப்பான். சூடு இறங்கும், புகை ஏறும். புகை கசிஞ்சி தூளுல வாடை புடிச்சா கொழும்பு ஏலத்துல விலை விழும். பழைய ஆளு வந்து விறகைத் தொட மாட்டான், காத்துக் கதவைத்தான் திறப்பான்.

தம்பி: நானும் திறந்துட்டேனே! இஞ்சின் நல்லா மூச்சு விடட்டும்னு எயார் பில்டரைக் கழட்டிட்டேன்.

மாமா: இந்தப் புழுதிக்கா? தோட்டத்து ரோட்டு மண்ணை உப்புத்தாள் மாதிரி உள்ள விட்டுத் தேய்ச்சா ரிங்கும் போரும் என்னாத்துக்கு ஆகும்? போதாததுக்கு எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஒயிலைக் கழுவி விட்டுரும். பவரு வரும்டா, கராஜ்காரனுக்கு.

தம்பி: எதுவா இருந்தாலும் கூடத் தீனி போட்டாத்தானே கூட வேலை வாங்க முடியும்?

மாமா: அதைத் தோட்டத்து தொரைமாருகிட்டப் போய்ச் சொல்லு, உனக்கு மாலை போடுறேன். அங்க உன் தத்துவம் தலைகீழு. தீனி போடாமலே கொழுந்து கிலோ கூடக் கேக்குறாங்க. 2015ல கேட்ட ஆயிரம் ரூபா நாள் சம்பளம் 2021லதான் வந்துச்சி.

தம்பி: அரசியலை விடுங்க மாமா.

மாமா: விட்டுட்டேன். புகைப் பரிசோதனைக்கு என்னா பண்ணுவ? சேட்டிபிகேட் இல்லாம லைசன்ஸ் புதுப்பிக்க ஏலாதே.

தம்பி: (குரலைத் தாழ்த்தி) கம்பெனி ஜெட்டு புதுசா ஒண்ணு வாங்கி வீட்டுல வச்சிருக்கேன். அன்னிக்கு மட்டும் மாட்டிக்குவேன்.

மாமா: நல்லது அலுமாரியில, கெட்டது வண்டியில! எத்தனை பேரை ஏத்துற?

தம்பி: சட்டப்படி மூணு.

மாமா: சட்டத்தையா கேட்டேன்?

தம்பி: ஸ்கூல் விடுற நேரம் ஏழு. சந்தை நாள்ல ரெண்டு மூட்டை கோவாவும் சேரும்.

மாமா: அதுக்கு ரயில் இஞ்சினே மாட்டலாம். சரி, கைப்பிடியை முழுசா முறுக்கிப் புடி. பில்டரைக் கழட்டுனதுல ஒரு நன்மை, எட்டிப் பார்க்க வசதி. டோர்ச்சைக் குடு… இங்க பாரு, உள்ள ஸ்லைட் கால்வாசி தொங்கிக்கிட்டு நிக்குது.

தம்பி: அதுக்கு?

மாமா: கேபிள் தொய்ஞ்சி போச்சிடா. நீ எவ்வளவு முறுக்குனாலும் முக்கால்தான் திறக்குது. இந்த நட்டைத் திருகு… இன்னும் கொஞ்சம்… இப்ப முறுக்கு.

தம்பி: அட! முழுசா ஏறுது! எவ்வளவு மாமா?

மாமா: நட்டைத் திருகுறதுக்குக் காசா? வீட்டுக்குப் போய் அந்தப் புது ஜெட்டை எடுத்துட்டு வா, பில்டரையும் கொண்டா. தொளைச்ச சனியனைத் தூக்கிக் கான்ல போடு.

தம்பி: ஐயோ, போட்றாதீங்க! பசறை ஸ்டாண்டுல ஒருத்தன் அதுக்கு மூவாயிரம் தர்றேன்னு சொல்லியிருக்கான்.