கைமாறினால்தான் வளரும்!

கேள்வி: 1996-இல் போக்கிமான் ஆடத் தொடங்கிய சிறுவர்கள், தலை நரைத்தும் அதை விடவில்லையே. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

பதில்: வண்டு பிடிக்கும் ஆசை! அதை உருவாக்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகர்ப் பகுதியான மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் குளக்கரையெல்லாம் பூச்சி தேடி அலைந்தவர். ஊர் வளர்ந்தது, வயல்கள் கட்டடங்களாயின. தொலைந்துபோன அந்த வண்டுகளுக்குத்தான் கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் சின்னத் திரையில் வீடு கட்டிக் கொடுத்தார்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. முதலில் வந்த சிவப்பு, பச்சை என்ற இரு பதிப்புகளில், ஒன்றில் அகப்படும் சில ஜீவன்கள் மற்றதில் அகப்படாது. இரண்டு கருவிகளைக் கேபிளால் இணைத்துப் பண்டமாற்று செய்தால்தான் வரிசை நிறையும். ஹான்டர் என்ற பேய், கெங்கராக வளர்வதே கைமாறிய பிறகுதான். நாற்றைப் பிடுங்கி நட்டால்தானே கதிர் செழிக்கிறது! அதனால், தனியே குனிந்து ஆடும் விளையாட்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வைத்தது.

அன்று 151 ஆக இருந்த கூட்டம் இன்று 1,000-ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் ரசிகரிடம் கேட்டுப் பாருங்கள். தான் முதன்முதலில் தேர்ந்தெடுத்த ஜீவனின் பெயரைத்தான் சொல்வார். முதல் சைக்கிளை யார் மறப்பார்கள்?