மடித்துக் கட்டிக்கொண்டு பார்க்கும் மியூசியம்

நிஷிகசாய், டோக்கியோ
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,



விசா ஒட்டி வந்த உங்கள் பாஸ்போர்ட்டின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. "முக்கியமான சமாசாரத்தைக் கடிதமா எழுது, வாட்ஸ்அப்பை ஃபைல்ல கோக்க முடியாது" என்று நீங்கள் சொன்னதால் பேனாவை எடுத்திருக்கிறேன். நீங்கள் இங்கே வரும்போது ஒரு மியூசியத்துக்கு அழைத்துப் போகிறேன் என்றதற்கு, போன வாரம் போனில், "அது சரிம்மா, அந்த மியூசியத்துல என்னதான் வெச்சிருக்கான்?" என்று கேட்டீர்கள். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. பதில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன் அப்பா, அங்கே ஒன்றும் வைத்திருக்கவில்லை. சிலை, செப்பேடு, நாணயம், ஈட்டி எதுவும் கிடையாது. எழும்பூர் மியூசியத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நீங்கள் நோட்டுப் புத்தகத்தில் அளவு குறித்துக்கொண்டு நின்றதும், திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்ததும் நினைவிருக்கிறதா? இங்கே அப்படி நின்று குறித்துக்கொள்ள ஒரு பொருளும் இல்லை. இருப்பது வெளிச்சம், தண்ணீர், கண்ணாடி, பூ, இருட்டு. மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

பெயர் டீம்லேப் பிளானட்ஸ். டோயோசு என்ற இடத்தில் இருக்கிறது. 2001-ல் டோஷியுகி இனோகோ என்பவர் டோக்கியோ பல்கலைக்கழகத்து நண்பர்களோடு ஆரம்பித்த கூட்டம்தான் டீம்லேப். ஓவியர்கள் மட்டுமல்ல, புரோகிராம் எழுதுகிறவர்கள், இன்ஜினீயர்கள், கணித ஆட்கள், கட்டடக்கலைஞர்கள் எல்லாரும் அதில் உண்டு. பிளானட்ஸை 2018 ஜூலையில் திறந்தார்கள். 2020 வரைதான் இருக்கும், பிறகு பிரித்துவிடுவோம் என்றார்கள். பிறகு நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள், இப்போது 2027 முடிய என்கிறார்கள். உங்கள் டிபார்ட்மென்ட்டில் 'தற்காலிகப் பாலம்' என்று போர்டு மாட்டிய பாலங்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன.

இனி, டிக்கெட் எடுத்த கதை. இதில் உங்கள் மாப்பிள்ளையின் வீரம் ஒன்று இருக்கிறது. டோக்கியோவில் டீம்லேப்புக்கு இரண்டு மியூசியம். இன்னொன்றின் பெயர் பார்டர்லெஸ். அது முதலில் ஒடைபாவில் இருந்தது, 2022-ல் மூடி, 2024 பிப்ரவரியில் அசாபுடாய் ஹில்ஸுக்குக் குடிபெயர்ந்தது. நான் பிளானட்ஸ் என்று தெளிவாகச் சொல்லியும் இவர் பார்டர்லெஸுக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். அவசரத்தில் எடுத்ததற்குத் தண்டனையாக அதையும் ஒரு நாள் போய்ப் பார்த்தோம். அழகுதான். ஆனால் அந்த மியூசியத்தின் பெருமையே அதற்கு வரைபடம் கிடையாது என்பது. ஒரு அறையின் பட்டாம்பூச்சி சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குள் போய்விடும். நாமும் அதன் பின்னாலேயே அலைய வேண்டும். வீரசோழனாற்றிலும் மஞ்சளாற்றிலும் ஒரு மதகு விடாமல் வரைபடம் போட்ட வரைவாளரை வரைபடமே இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போனால் அது பாவம் என்று முடிவு செய்தேன். பிளானட்ஸில் பெரும்பகுதி ஒரே வழியாகப் போகும், உங்கள் மனசுக்கு இதமாக இருக்கும்.

இங்கே டிக்கெட் தேதிக்கும் நேரத்துக்குமானது. குறித்த அரைமணிக்குள் உள்ளே நுழைய வேண்டும். விலையும் நாளைப் பொறுத்து ஏறி இறங்கும். அம்மா ராகுகாலம் பார்க்கச் சொன்னாள். மயிலாடுதுறை பஞ்சாங்கத்து ராகுகாலம் டோக்கியோ சூரியனுக்குப் பொருந்துமா என்ற விசாரணையில் நானும் இவரும் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தோம். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. ஜப்பானியர் காலண்டரிலும் நல்ல நாள், கெட்ட நாள் உண்டு. தாயான் என்றால் முகூர்த்த நாள் மாதிரி. புத்சுமெத்சு என்றால் கல்யாணம் வைக்கமாட்டார்கள். எனவே ஏப்ரல் முதல் வாரத்தில், ராகுகாலமும் இல்லாத, புத்சுமெத்சுவும் இல்லாத ஒரு காலை வேளையைப் பிடித்திருக்கிறேன். இரண்டு நாட்டுப் பஞ்சாங்கமும் கையெழுத்துப் போட்ட டிக்கெட் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

உங்களை அழைத்துப் போகுமுன் உங்கள் பேத்தி யாழினியோடு ஒரு ஒத்திகை போய் வந்துவிட்டேன். நிஷிகசாயிலிருந்து டோசாய் லைன், மொன்சென்னகாச்சோவில் இறங்கி ஓஎடோ லைன், சுகிஷிமாவில் மாறி யூராகுச்சோ லைன், டோயோசுவில் ஏறி யூரிகமோமே. கடைசி ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான், ஷின்டோயோசு. அந்த ரயிலுக்கு டிரைவர் கிடையாது. முன் ஸீட்டில் உட்கார்ந்தால் தண்டவாளம் உங்களை நோக்கி ஓடி வரும். அதற்கு இந்த ஊர்க் குழந்தைகள் போட்டி போடுவார்கள். உங்களுக்காக நான் யாழினியை முன்னால் ஓடவிட்டு இடம் பிடித்து வைக்கிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், சாக்ஸையும் கழற்ற வேண்டும். பூட்டும் பெட்டி இலவசம், சாவி நம் கையில். செருப்புக்கு டோக்கன் வாங்கி, திரும்பி வரும்வரை மனசு பூரா செருப்பிலேயே இருக்கும் நிலைமை இல்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வெறுங்காலைத் தரையில் வைக்கவே கூசினார்கள். உள்ளே போனால் இருட்டில் ஒரு சரிவுப் பாதை, மேலே இருந்து தண்ணீர் கணுக்காலை நனைத்துக்கொண்டு ஓடி வருகிறது. பாதை முடிவில் ஒளி அருவியாகக் கொட்டுகிறது. காலை நனைத்து, இருட்டில் நடந்து, தூரத்து வெளிச்சத்தைப் பார்த்ததும் யாழினி என் கையை இழுத்துக் கேட்டாள்: "அம்மா, சாமி எங்கே?"

அடுத்து உடை. இதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள். ஓர் அறையில் முழங்கால் அளவு தண்ணீர். பேன்ட் போட்டவர்கள் எல்லாம் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டு, அது நழுவி நனைந்து, கடைசியில் உதறிக்கொண்டு நின்றார்கள். இந்த மியூசியத்துக்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்த உடை உலகத்தில் ஒன்றுதான் உண்டு அப்பா, மடித்துக் கட்டிய வேட்டி. இரண்டு எடுத்து வாருங்கள். ஏப்ரலிலும் குளிரும் என்பதால் வெளியே பேன்ட், உள்ளே போகும்போது வேட்டி. அம்மா வாசல் தெளிக்கும்போது புடவையைத் தூக்கிச் செருகுவது போல் இங்கேயும் செருகிக்கொள்ளலாம்தான். ஆனால் சில அறைகளில் தரை முழுக்கக் கண்ணாடி. அதற்கென்று இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணி அவர்களே தருகிறார்கள். ஆனாலும் அம்மாவுக்குச் சுடிதார்தான் நல்லது என்று நான் சொன்னதாகச் சொல்லாமல், உங்களுக்கே தோன்றியதாகச் சொல்லுங்கள்.

அந்தத் தண்ணீர் அறையைப் பற்றி மட்டும் விவரமாக எழுதுகிறேன். பால் கலந்தது போல் வெளுத்த தண்ணீர், கை வைத்தால் வெதுவெதுப்பு. மேலே இருந்து விழும் வெளிச்சத்தில் அதன் மேல் கோய் மீன்கள் நீந்துகின்றன. சிவப்பும் மஞ்சளுமாக ஒன்று நேராக உங்கள் காலுக்கு வரும். முட்டியதும் உடைந்து பூவாகச் சிதறும். நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் அந்தந்த நொடியில் வரைகிறது, முன்பே எடுத்து வைத்த சினிமா இல்லை. அதனால் போன நிமிஷம் பார்த்த காட்சி மறுபடி வராது. பூக்களும் பருவத்துக்குப் பருவம் மாறுமாம், நீங்கள் வரும்போது செர்ரிப் பூவாக இருக்கும். யாழினி ஒரு மீனைப் பிடித்தே தீருவது என்று துரத்தி, அது பூவாகிப் போன ஒவ்வொரு தடவையும் என்னை முறைத்தாள். நம் காவேரியில் துண்டு விரித்து அயிரை பிடித்தவர் பேத்தி, வேறென்ன செய்வாள்!

அம்மா கவனத்துக்கு இன்னும் இரண்டு. ஓர் அறையில் தரையே மெத்தை. சேறடித்த வயலில் இறங்கியது போல் கால் உள்ளே போகும், எழுந்தால் பக்கத்தில் நடப்பவர் அழுத்தத்தில் மறுபடி சாய்வோம். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது, ஊழியரிடம் சொன்னால் சுற்றுவழி காட்டுவார்கள். இன்னொரு அறையில் 13,000-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் செடிகள், பிளாஸ்டிக் அல்ல, உயிரோடு, மண் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகின்றன. நாம் பக்கத்தில் போனால் கொடியோடு மேலே ஏறி வழிவிடும், நகர்ந்தால் பின்னால் இறங்கி மூடிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் பயம், அம்மா பூஜைக்கு இரண்டு பறித்து முந்தானையில் முடிந்துவிடுவாளே என்பது. அந்த அறையில் அவள் வலது கையை நான் பிடித்துக்கொள்கிறேன், இடது கை உங்கள் பொறுப்பு.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். வாசலிலேயே கறி, மீன், முட்டை எதுவும் சேராத ராமென் கடை ஒன்று இருக்கிறது. இதைச் சொன்னாலும் அம்மா புளியோதரை கட்டத்தான் போகிறாள், தெரியும். உள்ளே தின்னக்கூடாது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

2025 ஜனவரியில் இந்த மியூசியத்தைப் பெரிதாக்கினார்கள். புதிய பகுதியில் ஒரு கூடம், உள்ளே வரிசையாக மேஜை, காகிதம், கிரயான். பட்டாம்பூச்சி, விமானம் என்று கோடு மட்டும் போட்ட காகிதத்தை எடுத்து நம் இஷ்டத்துக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தால், ஸ்கேன் செய்து சுவரில் விட்டுவிடுகிறார்கள். அது சிறகடித்துப் பறக்கிறது. யாழினி பட்டாம்பூச்சிக்கு ஒரு சிறகைப் பச்சையிலும் ஒன்றைக் கறுப்பிலும் தீட்டி, நடுவில் மீசை வேறு வைத்தாள். "யாருடி இது?" என்றேன். "தாத்தா" என்றாள்.

அரைநிமிஷத்தில் மீசை வைத்த அந்தப் பட்டாம்பூச்சி ஆளுயரத்துக்கு மேலே பறந்தது, அப்பா. முன்பின் தெரியாத ஜப்பானியப் பாட்டி ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துத் தன் பேரனுக்குக் காட்டினார். யாழினி அதன் பின்னாலேயே சுவரோரமாக ஓடினாள். எத்தனையோ பேர் வரைந்த கூட்டத்தில் அது கலந்துபோகும்வரை நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆகவே பதில் இதுதான். இப்போதைக்கு அங்கே உங்களைத்தான் வைத்திருக்கிறார்கள், மீசையோடு. வரும்போது நீங்களும் ஒன்று வரையலாம். உங்கள் ராட்ரிங் பேனாவையும் ஸ்கேலையும் எடுத்து வரவேண்டாம், கிரயான்தான் தருவார்கள். கோட்டுக்கு வெளியே வண்ணம் போனாலும் யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

மருந்துச் சீட்டு, கம்பளிக் குல்லா, அம்மாவின் முழங்கால் பட்டி, வேட்டி இரண்டு. இந்தக் கடிதத்தை மறக்காமல் ஃபைலில் கோத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்
செல்வி

பி.கு.: யாழினி வரைந்த காகிதத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அளவு குறித்துக்கொள்ளலாம்.